தாழை பிடித்த கயிறு

கடல் இன்று நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கல் தொலைவு தள்ளி நின்ற காலத்தில், தென்கரையில் வெண்மணல்துறை என்றொரு பட்டினம் இருந்தது. அங்கே தாழை என்றொரு பெண் இருந்தாள். அவள் விரும்பியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காக அவள் எதையெல்லாம் பார்க்காமல் இருந்தாள் என்பதுதான் இந்தக் கதை. கேளுங்கள்.

வெண்மணல்துறையின் தொழில் முத்துக் குளிப்பது. அது எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்; அது தெரியாவிட்டால் யார் உயிர் எங்கே தொங்குகிறது என்பது விளங்காது.

குளிப்பவன் ஒரு கல்லின்மேல் கால் ஊன்றி எட்டு ஆள் ஆழத்துக்கு இறங்குவான். அடியைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். அவன் இடுப்பில் கட்டிய கயிறு மட்டும் அவனோடு இருக்கும். அதன் மறுமுனை படகில் உட்கார்ந்திருப்பவன் கையில் இருக்கும். கீழே இருப்பவன் சிப்பிகளைக் கூடையில் அள்ளுவான். மூச்சு முட்டும்போது கயிற்றை இரண்டு முறை சுண்டுவான். மேலே இருப்பவன் அந்தக் கணமே இழுக்க வேண்டும். சுண்டாவிட்டாலும் தொண்ணூறு எண்ணியவுடன் இழுத்துவிட வேண்டும். நூற்றைத் தாண்டிய பிறகு இழுப்பதில் பயனில்லை.

இப்படிப்பட்ட கயிற்றை யாரை நம்பிக் கொடுப்பது? அதற்கு அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. குளிப்பவனுடைய மனைவியின் உடன்பிறந்தவன்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும். தன் தங்கையோ அக்காளோ கைம்பெண்ணாக எவனும் விரும்பமாட்டான் அல்லவா? அதனால் மைத்துனன் கை. வேறு எவர் கையிலும் கயிறு போகாது.

தாழையின் கணவன் சேந்தன் நன்றாக முத்துக் குளிப்பவன். அவனுக்கு ஒரே மைத்துனன், கீரன். அந்தக் கீரன் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிகனின் கப்பலில் ஏறிக் கீழைக்கடல் நாடுகளுக்குப் போனான். போனவன் திரும்பவில்லை. சேதியும் இல்லை. கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் சேந்தன் இரண்டு பருவங்கள் கரையில் உட்கார்ந்து பிறர் வலைகளுக்கு முடிச்சுப் போட்டான். மூன்றாம் பருவம் நெருங்கியது.

தாழை துறைத்தலைவர் முன் போய் நின்றாள்.

"ஐயா, என் கணவரின் கயிற்றை நான் பிடிக்கிறேன்" என்றாள்.

சபையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். துறைத்தலைவர் சிரிக்கவில்லை. "உனக்குக் கயிற்றைப் பற்றி என்னம்மா தெரியும்?" என்று கேட்டார்.

"ஏழு வயதிலிருந்து தூண்டில் கயிறு பிடிக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டாலும், இழுப்பது பாறையா, பாசியா, மீனா என்று விரல் சொல்லும். அவர் கீழே குனிகிறாரா, நிமிர்கிறாரா, நடக்கிறாரா என்பதையும் அது சொல்லும்."

துறைத்தலைவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "மூன்று நாள் தருகிறேன். மூன்றாம் நாள் நண்பகலில் சேந்தன் உயிரோடும் நினைவோடும் கரையேறினால் கயிறு உன்னுடையது, ஊர் ஒப்புக்கொள்ளும். ஒருமுறை அவன் நினைவு தப்பி மேலே வந்தாலும், இந்தத் துறையில் உங்கள் இருவருக்கும் இடமில்லை. வேறு ஊரும் வேறு தொழிலும் தேடிக்கொள்ள வேண்டும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் தாழை.

முதல் நாள் விடிந்தது. பன்னிரண்டு படகுகள் புறப்பட்டன. தாழையின் படகில், கல்லைத் தூக்கவும் துடுப்புப் போடவும் பூதன் என்ற பருத்த மனிதன் ஒருவன் இருந்தான். பக்கத்துப் படகில் தன் தங்கை கணவனுக்குக் கயிறு பிடித்தவன் கொற்றன். அந்தத் துறையிலேயே நீளமான நாக்கு அவனுடையது.

"ஏ சேந்தா! கயிறு பிடிக்க ஆள் கொண்டுவா என்றால், கைப்பிடித்தவளையே கொண்டுவந்துவிட்டாயா?" என்று கொற்றன் தொடங்கினான்.

சேந்தன் கல்லின்மேல் காலை வைத்து இறங்கினான். தாழை மனத்துக்குள் எண்ணத் தொடங்கினாள்.

"தங்கச்சி! அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தாயா, வைக்காமல் வந்தாயா? பாதியில் நினைவு வந்து எழுந்து ஓடிவிடாதே!"

படகுகள் முழுவதும் சிரிப்பு. தாழை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பது. நாற்பத்தொன்று.

"பாவம், சேந்தன் மேலே வந்தால்தான் சோறு. வராவிட்டால் அவளுக்கு ஒரு வாய் மிச்சம்!"

அது அவள் நெஞ்சில் தைத்தது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "கொற்றண்ணா, சென்ற ஆண்டு நீங்கள் இழுத்த வேகத்தில் உங்கள் மாப்பிள்ளையின் அரைத்துணி மட்டும்தான் முதலில் மேலே வந்ததாமே? ஆள் அரைநாள் தண்ணீரிலேயே நின்றாராமே?"

பன்னிரண்டு படகுகளும் அதிர்ந்தன. பூதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்போதுதான் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கொற்றனின் தங்கை கணவன்கூடச் சிரித்தான். கொற்றனின் முகம் கறுத்தது. தாழைக்கு உள்ளுக்குள் இனித்தது. இன்னொன்றும் சொல்லலாம் போலிருந்தது. அதையும் சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு அவள் கயிற்றுக்குத் திரும்பினாள். எண் எங்கே நின்றது? ஐம்பதா? அறுபதா? அறுபது என்று வைத்துக்கொண்டாள். அப்போதுதான் விரல் சொன்னது: கயிறு சுண்டவில்லை; உதறிக்கொண்டிருந்தது.

அவள் இழுத்தாள். பூதனும் சேர்ந்து இழுத்தான். சேந்தன் மேலே வந்து படகின் விளிம்பைப் பற்றினான். மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. நினைவு இருந்தது, ஆனால் பேச்சு வர நேரமாயிற்று.

பேச்சு வந்ததும் அவன் ஒன்றே கேட்டான். "எந்த எண்ணில் இழுத்தாய்?"

"தெரியாது" என்றாள் தாழை.

அன்று மாலை வலை உலர்த்தும் இடத்தில் அவளே பேச்சை எடுத்தாள்.

"நான் சொன்னது நல்ல பதில்தான். ஊரே சிரித்தது. ஆனால் அவனுக்குப் பதில் சொல்வதற்கா நான் கயிறு கேட்டேன்?"

"கொற்றன் நாளைக்கும் பேசுவானே" என்றான் சேந்தன்.

"பேசட்டும். நாளையிலிருந்து நான் வாய்விட்டு எண்ணுகிறேன். எண்ணிக்கொண்டிருக்கிற நாக்குக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது. கண்ணையும் கட்டிப்போட வேண்டும். நீங்கள் விடுகிற மூச்சுக் குமிழி எங்கே மேலே வருகிறதோ, அங்கேயே என் கண் இருக்கும். கை கயிற்றில், கண் குமிழியில், நாக்கு எண்ணில். மூன்றில் ஒன்று விலகினாலும் மற்ற இரண்டும் அதன் பின்னால் போய்விடுகின்றன. இன்று பார்த்துவிட்டேன்."

இரண்டாம் நாள் விடிந்தது. தாழை வாய்விட்டு எண்ணினாள். கொற்றன் விடவில்லை; அவள் எண்ணுவதைப் போலவே தானும் கிண்டலாக எண்ணிக் காட்டினான். பதினைந்துக்கு அடுத்துப் பதினெட்டு என்றான், முப்பதுக்கு அடுத்து இருபது என்றான். தாழை தன் எண்ணைத் தவறவிடவில்லை. சற்று நேரத்தில் அவனுக்கே அலுத்துவிட்டது.

வெயில் ஏறியபோது கரையிலிருந்து ஒரு சிறு படகு வந்தது. அதில் துறைத்தலைவரின் மனைவியான பெரிய நாச்சியாரின் ஏவலர் ஒருவர் வந்தார். கையில் வெள்ளித்தட்டு, தட்டில் பட்டும் பூவும். ஒரு பெண் கயிறு பிடிக்கிறாள் என்று கேள்விப்பட்டு நாச்சியார் மகிழ்ந்து அனுப்பிய மரியாதை அது.

அந்த ஊரில் பெரிய வீட்டு மரியாதையை எழுந்து நின்று இரு கைகளாலும் வாங்க வேண்டும். உட்கார்ந்து வாங்குவது குற்றம். ஒற்றைக் கையால் வாங்குவது அதைவிடப் பெரிய குற்றம்.

"தாழை! நாச்சியார் உனக்குப் பட்டு அனுப்பியிருக்கிறார். எழுந்து வாங்கிக்கொள்" என்றார் ஏவலர்.

"இருபத்தொன்பது" என்றாள் தாழை.

ஏவலர் திகைத்தார். "என்னம்மா?"

"முப்பது."

"நான் சொல்வது காதில் விழுகிறதா இல்லையா?"

"முப்பத்தொன்று."

பூதன் நெளிந்தான். "ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கீழே ஆள் இருக்கிறது. தொண்ணூறு வரைக்கும் பொறுத்தால் அவளே எழுந்து வாங்கிக்கொள்வாள்."

"நாச்சியாரின் பட்டு இவள் எண்ணி முடிக்கும்வரை நடுக்கடலில் காத்துக் கிடக்குமா?"

"கீழே இருக்கிற ஆளும் அப்படித்தானே ஐயா காத்துக் கிடக்கிறான்?" என்றான் பூதன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கு உறைத்தது. உடனே துடுப்பைக் கவனிப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

தாழை பிறந்ததிலிருந்து பட்டு உடுத்தியதில்லை. அந்தத் தட்டு எட்டிப் பிடிக்கும் தொலைவில் இருந்தது. பூவின் மணம் முகத்தில் வந்து மோதியது. அவள் குமிழியைப் பார்த்துக்கொண்டே முப்பத்தாறு என்றாள். ஏவலர் தட்டை மூடிக்கொண்டார். படகு கரைக்குத் திரும்பியது.

எழுபத்தெட்டில் கயிறு இரண்டு முறை சுண்டியது. இழுத்தார்கள். சேந்தன் மூச்சு வாங்கிக்கொண்டே, "படகு ஒன்று வந்த நிழல் தெரிந்ததே, யார் வந்தது?" என்று கேட்டான்.

"பட்டு வந்தது. போய்விட்டது" என்றாள் தாழை.

ஏவலர் சும்மா இருக்கவில்லை. நாச்சியாரின் மரியாதையைத் தாழை உட்கார்ந்தபடியே மறுத்தாள் என்று துறைத்தலைவரிடம் முறையிட்டார். மாலையில் செய்தி வந்தது: மூன்றாம் நாள் நண்பகலில் கரையேறியதும் தாழை சபையில் நின்று அதற்கும் விடை சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் விடிந்தது. கடல்மேல் பனிமூட்டம் கவிந்திருந்தது. ஒரு படகிலிருந்து பார்த்தால் அடுத்த படகு மட்டுமே தெரிந்தது. துறைத்தலைவரும் அன்று காவல் படகில் ஏறி நடுவே வந்து நின்றார். காலை முழுவதும் தவறில்லாமல் கழிந்தது. நண்பகலுக்கு முன், கடைசி முறையாகச் சேந்தன் கல்லின்மேல் கால் வைத்தான்.

"இந்த ஒருமுறைதான்" என்றான்.

"ஒன்று" என்றாள் தாழை.

ஐம்பத்தெட்டு எண்ணும்போது பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஏதோ வந்தது. அது என்னவென்று தாழை பார்க்கவில்லை. "கப்பல்! கப்பல்!" என்ற கூச்சலைத்தான் கேட்டாள். படகுகளில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பூதனும் எழுந்தான், படகு சாய்ந்தது.

அறுபத்து மூன்றில் சங்கு ஊதினார்கள். அறுபத்தாறில் யாரோ கத்தினார்கள்: "மூன்று வருடத்துக்கு முன்னால் போன வணிகரின் கப்பலடா!"

அறுபத்தெட்டில் ஒரு குரல் கேட்டது.

"அக்கா! தாழையக்கா! நான்தான்!"

கீரனின் குரல். மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு பாய்மரத்தையும் பார்த்துப் பார்த்து அவள் காத்திருந்த குரல். செத்துப்போனான் என்று ஊரார் சொன்னபோதெல்லாம் அவள் சண்டையிட்டுக் காத்த குரல். அவளை அறியாமலேயே அவள் கழுத்து அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியது.

'தம்பி தண்ணீருக்கு மேலே இருக்கிறான்' என்று நினைத்தாள். கழுத்து நின்றது. கண்ணில் நீர் திரண்டு குமிழியை மறைத்தது. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அறுபத்தொன்பது" என்றாள்.

"அக்கா! இந்தப் பக்கம் பார் அக்கா!"

"எழுபது."

எழுபத்திரண்டில் அவள் ஒன்றைக் கண்டாள். கயிறு படகின் இடப்பக்கம் சாய்ந்து இறங்கியது. குமிழிகளோ வலப்பக்கம் மேலே வந்தன. ஆள் ஒரு பக்கம், கயிறு ஒரு பக்கம் எப்படி இருக்க முடியும்? ஒரே வழிதான் உண்டு: கயிறு அடியிலுள்ள பாறையைச் சுற்றிக்கொண்டது. இனி அவன் சுண்டினாலும் சுண்டல் மேலே வராது. நேராக இழுத்தால் பாறை இறுக்கும்.

"பூதா! துடுப்பு!" என்று அலறினாள். "படகை இடப்பக்கம் சுற்று! எழுபத்து மூன்று!"

பூதன் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காலால் அவன் கெண்டைக்காலில் ஓங்கி உதைத்தாள். அவன் துடுப்பின்மேல் விழுந்தான். விழுந்தவன் கேள்வி கேட்காமல் வலித்தான். படகு அரைவட்டம் சுற்றியது. எண்பது. எண்பத்தைந்து. கயிறு தளர்ந்தது. இறுக்கம் விட்டது. தொண்ணூற்றில் இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

தொண்ணூற்றாறில் சேந்தனின் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. உதடு நீலமாக இருந்தது. கண் திறந்திருந்தது. அவன் படகில் சரிந்து, இருமி, அவளைப் பார்த்து, "பாறையில் சிக்கியது... உனக்கு எப்படித் தெரிந்தது?" என்றான்.

தாழை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அதே நேரத்தில் பக்கத்துப் படகில் கூக்குரல் எழுந்தது. கொற்றனின் தங்கை கணவன் இரண்டு முறை சுண்டியிருக்கிறான். மறுபடியும் இரண்டு முறை சுண்டியிருக்கிறான். கொற்றன் கயிற்றைக் காலின்கீழ் மிதித்துக்கொண்டு கப்பலுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தான். கீழே இருந்தவன் இடுப்பு முடிச்சை அவிழ்த்துவிட்டுத் தானாகவே நீந்தி மேலே வந்து, அரைப்பிணமாகப் படகில் விழுந்தான்.

நண்பகலில் எல்லாரும் கரையில் கூடினார்கள். கீரன் ஓடிவந்து அக்காளைக் கட்டிக்கொண்டான். துறைத்தலைவர் மணல்மேட்டில் அமர்ந்தார்.

முதலில் ஏவலர் பட்டைப் பற்றி முறையிட்டார். அடுத்துக் கொற்றன் எழுந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. ஆனால் நாக்கு அடங்கவில்லை. "தலைவரே, மைத்துனன் ஊர் வந்து சேர்ந்துவிட்டான். இனி வழக்கப்படி கயிறு அவனுடையது. இவளுக்குக் கொடுத்த அனுமதி முடிந்தது" என்றான்.

துறைத்தலைவர் பன்னிரண்டு படகுகளிலும் கயிறு பிடித்தவர்களை வரிசையாக நிற்கச் சொன்னார்.

"ஒரு கேள்வி கேட்கிறேன். இன்று வந்த கப்பலின் பாய் என்ன நிறம்?"

"மஞ்சள்!" என்றார்கள் பதினொருவர்.

"மஞ்சள், நடுவே கருப்பு யானை!" என்றான் ஒருவன்.

"யானைக்கு ஒற்றைத் தந்தம்தான் வரைந்திருந்தார்கள் தலைவரே, நான் பார்த்தேன்" என்றான் இன்னொருவன்.

"தாழை, உனக்கு?"

"தெரியாது ஐயா."

"உன் தம்பி வந்த கப்பல்!"

"நான் பார்க்கவில்லை ஐயா."

துறைத்தலைவர் தலையசைத்தார். "இன்னொரு கேள்வி. அந்தக் கப்பல் பனியிலிருந்து வெளிப்பட்டபோது உங்கள் கையிலிருந்த கயிறு எந்த எண்ணில் நின்றது?"

ஒருவன் நாற்பது இருக்கும் என்றான். ஒருவன் எழுபது என்று சொல்லிவிட்டு, இல்லை ஐம்பது என்றான். ஒற்றைத் தந்தத்தைப் பார்த்தவன் தரையைப் பார்த்தான். கொற்றன் வாய் திறக்கவே இல்லை.

"ஐம்பத்தெட்டு" என்றாள் தாழை.

"உண்மைதான் தலைவரே" என்றான் பூதன், காலைத் தேய்த்துக்கொண்டே. "அவள் ஐம்பத்தெட்டு என்றபோதுதான் நான் எழுந்தேன். எழுபத்து மூன்றில் உதை வாங்கினேன்."

சிரிப்பு அடங்கியதும் துறைத்தலைவர் பேசினார். "கப்பலை நானும் பார்த்தேன். பார்த்ததனால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியது. நம் முன்னோர் கயிற்றை மைத்துனனிடம் கொடுத்தார்கள். உறவு இருந்தால் கவனம் இருக்கும் என்று நம்பினார்கள். கொற்றனும் மைத்துனன்தான், இன்று அவன் தங்கை தாலியை இழந்திருப்பாள். அவர்கள் தேடியது கவனத்தை. அது இருக்கும் கையில்தான் கயிறு இருக்க வேண்டும். ஏவலரே, பட்டு கொண்டுபோன நேரம் சரியில்லை. குறை அவளிடம் இல்லை. தாழை, கயிறு உன்னுடையது. கொற்றா, இந்தப் பருவம் நீ கரையில் உட்கார்ந்து வாய்விட்டு எண்ணிப் பழகு."

கூட்டம் கலைந்தது. கீரன் அக்காளின் பக்கத்தில் நடந்தான். அவன் மனத்தில் ஒரு குறை இருந்தது.

"அக்கா, நான் அவ்வளவு கத்தினேனே. உனக்குக் கேட்கவே இல்லையா?"

"கேட்டது."

"பிறகு ஏன் திரும்பவில்லை?"

"நீ கப்பலில் நின்றுகொண்டிருந்தாய். இவர் எட்டு ஆள் ஆழத்தில் இருந்தார்."

கீரன் சேந்தன் பக்கம் திரும்பி, "அப்படியானால் மச்சான், இந்தப் படகில் எனக்கு வேலையே இல்லையா?" என்று கேட்டான்.

சேந்தன் தாழையைப் பார்த்தான்.

"துடுப்பு இருக்கிறது" என்றாள் தாழை. "பூதனுக்குக் கால் வலிக்கிறது."

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்வது இதுதான்: இகழ்ச்சி அழைத்தாலும், புகழ் அழைத்தாலும், அன்பே அழைத்தாலும், எடுத்த செயல் முடியும்வரை அதிலிருந்து கவனத்தை எடுக்காதவரே எண்ணியதை அடைவார்.